முன்பின் தெரியாதவருக்கு

எங்கள் பக்கத்தில் ஒரு பையனுக்கு வேலை கிடைத்தால், சம்பளம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. "யாரு பிடிச்சுக் குடுத்தா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் வட்டாரம் என்றில்லை, தமிழ்நாட்டில் எங்கே போனாலும் இதே கதைதான். மாமா கம்பெனியில் மேனேஜர், சித்தப்பாவின் சிநேகிதர் ஹெச்.ஆர்., அப்பாவோடு படித்தவர் சீஃப் இன்ஜினியர் என்று யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். அப்படி ஒருவரும் இல்லாத வீட்டுப் பிள்ளை, முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி, கட்டணச் சலுகையில் இன்ஜினியரிங் சேர்ந்து, கடைசி வருஷத்தில் பிளேஸ்மென்ட் செல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். என் வீடும் அப்படித்தான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. அவருக்குத் தெரிந்த பெரிய மனிதர் சூளை முதலாளி. முதலாளிக்குத் தெரிந்தவர்கள் லாரிக்காரர்கள்.

இன்றைக்கு நான் மின்கட்டமைப்பு ஆய்வுப் பொறியாளன். ஒரு காற்றாலையோ சோலார் நிலையமோ கிரிட்டில் சேர்வதற்கு முன்பு, சேர்ந்தால் லைன் தாங்குமா, வோல்டேஜ் நிற்குமா, பழுது வந்தால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது தொழில். இந்தத் துறையில் நான் போன் எடுத்துப் பேசக்கூடியவர்களில் பெரும்பாலோர், கல்லூரி நாட்களில் முன்பின் தெரியாமல் நான் மெயில் எழுதிப் பழகியவர்கள், இல்லாவிட்டால் அவர்கள் வழியாகப் பழக்கமானவர்கள். இப்போது மாணவர்களின் மெயில் எனக்கும் வருகிறது. எழுதியும் பார்த்தாயிற்று, வாங்கியும் பார்த்தாயிற்று. இரண்டிலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான்: முதல் மெயிலுக்கு எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், ஆனால் பழக்கத்தை உண்டாக்குவது, பதில் வந்தபிறகு நாம் எழுதும் மெயில்.

எப்படி என்று சொல்ல, ஒரு மெயிலின் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும்.

2012-இன் கடைசி மாதங்கள். நான் அப்போது மூன்றாம் ஆண்டு இஇஇ, அதாவது மின் மற்றும் மின்னணுப் பொறியியல். காற்று சீசன் முடிந்ததும் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்துக்குப் போன வருஷம் அது. சென்னையைத் தாண்டினால் பாதி நாள் கரண்ட் இருக்காது. என் மாமா, அம்மாவின் தம்பி, முப்பந்தலில் காற்றாலை ஆபரேட்டர். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மெஷின் மெஷினாகப் போய் ரீடிங் பார்த்து நோட்டில் எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. லீவு நாளில் நானும் பின்னால் தொற்றிக்கொள்வேன்.

அந்த நோட்டில் யூனிட் கணக்குக்குப் பக்கத்திலேயே ஆர்.கே.வி.ஏ.எச். என்று இன்னொரு எண் இருக்கும். பழைய காற்றாலைகளில் இருப்பது இன்டக்ஷன் ஜெனரேட்டர். அது கிரிட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே, தன் காந்தப்புலத்தை உண்டாக்கிக்கொள்ள கிரிட்டிலிருந்து ரியாக்டிவ் பவரை இழுக்கும். அந்த இழுவையைச் சமாளிக்கத்தான் கோபுரத்தின் அடியில் உள்ள பேனலில் கெபாசிட்டர்களை வைத்திருப்பார்கள். அவற்றையும் மீறி இழுத்ததன் கணக்குதான் ஆர்.கே.வி.ஏ.எச். மின்வாரியம் அதற்குத் தனியாகக் காசு பிடிக்கும்.

மாமாவின் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மெஷின்கள். ஒரே கம்பெனி, ஒரே 225 கிலோவாட், ஒரே ஃபீடர், அதாவது கரண்ட் கொண்டுபோகும் ஒரே லைன். யூனிட் ஏறக்குறைய சமமாக ஓடுகிறது. ஆனால் ஒன்றின் ஆர்.கே.வி.ஏ.எச். மட்டும் மாதாமாதம் மற்றதைவிட எக்கச்சக்கம். மாமாவிடம் கேட்டால், "அது அப்படித்தாம்ல, பழைய மெஷினு" என்றார். இரண்டும் ஒரே வருஷத்தில் நட்டது. கல்லூரிப் பாடப் புத்தகத்தில் இன்டக்ஷன் ஜெனரேட்டருக்கு அரைப் பக்கம். அதில் கெபாசிட்டர் ஒரு படத்தில் வரும், அவ்வளவுதான்.

யாரிடம் கேட்பது? இதைத்தான் மாணவர்கள் தப்பாகத் தொடங்குகிறார்கள். கம்பெனியின் எம்.டி.க்கு எழுதுகிறார்கள், அல்லது ஹெச்.ஆர். முகவரிக்கு எழுதுகிறார்கள். எம்.டி.க்கு நேரமில்லை. ஹெச்.ஆருக்கு உங்கள் கேள்வி புரியாது. எழுத வேண்டியது, நீங்கள் கேட்கப்போகும் விஷயத்தைப் பற்றி ஏற்கெனவே எங்காவது வாயைத் திறந்தவருக்கு. ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பக்கத்திலேயே ஆசிரியரின் மெயில் முகவரி இருக்கும். தொடர்புக்கு உரியவர் இவர் என்று ஒருவரைக் குறித்தும் இருப்பார்கள். எழுதச் சொல்லித்தான் அதைப் போட்டிருக்கிறார்கள். கருத்தரங்கில் பேசியவர், துறை இதழில் கட்டுரை எழுதியவர், கல்லூரிக்கு வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போன இன்ஜினியர், உங்களைவிட ஐந்தாறு வருஷம் முன்னால் படித்து வேலைக்குப் போன சீனியர் எல்லாரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

எங்கள் துறையில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு சுரங்கம் உண்டு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் காற்றாலைக்கு விலை நிர்ணயித்து ஆணை போடும்போது, அதற்கு முன்பு எல்லாரிடமும் கருத்துக் கேட்கும். யார் யார் கருத்து அனுப்பினார்கள் என்ற பட்டியல் ஆணையின் பின்னிணைப்பில் வரும். என்னென்ன கருத்து வந்தது என்பது உள்ளே வரும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ரியாக்டிவ் கட்டணத்தைப் பற்றி விவரமாகப் பேசியிருந்த சென்னை ஆலோசகர் ஒருவரை அப்படித்தான் பிடித்தேன். வாரியத்திலிருந்து ஓய்வுபெற்றவர். அவர் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அலுவலக மெயில் முகவரி இருந்தது. நமக்கு வேண்டியது அந்த முகவரிதான். யாரிடமோ போன் நம்பர் வாங்கி வாட்ஸப்பில் போய் நிற்பது, ஒருவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைகிற மாதிரி.

அதற்கு முன் எழுதியவற்றில் பலவற்றுக்குப் பதிலே வரவில்லை. அது நடக்கும். "எந்தக் காலேஜ்?" என்று மட்டும் கேட்டு, நான் சொன்னதும் அதோடு நிறுத்திக்கொண்ட பேராசிரியர் ஒருவரும் உண்டு. இவருக்கு எழுதியது, நாகர்கோவில் பிரவுசிங் சென்டர் ஒன்றில், கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து. மெயில் ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் நாகர்கோவில் பக்கத்தில் மூன்றாம் ஆண்டு இஇஇ படிக்கிறேன். காற்றாலைக் கட்டண ஆணையில் ரியாக்டிவ் கட்டணம் பற்றி நீங்கள் சொல்லியிருந்ததைப் படித்தேன். முப்பந்தலில் ஒரே ஃபீடரில் உள்ள இரண்டு 225 கிலோவாட் மெஷின்களின் ஆறு மாத ரீடிங்கைக் கீழே கொடுத்திருக்கிறேன். யூனிட் ஒன்றுபோல் இருந்தும், இரண்டாவது மெஷின் இழுக்கும் ரியாக்டிவ் பவர் மிக அதிகம். காரணம் கெபாசிட்டரா ஜெனரேட்டரா என்பதை எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? ஒரு வரி பதில் போதும்."

கீழே ஆறு வரியில் ஒரு சின்ன அட்டவணை. மெஷின் நம்பரையும் முதலாளி பெயரையும் எடுத்துவிட்டேன். மாமாவிடம் கேட்டுக்கொண்டுதான் ரீடிங்கையே எழுதினேன். சப்ஜெக்ட் லைனில் "225 கிலோவாட் மெஷினில் ஆர்.கே.வி.ஏ.எச். வித்தியாசம்: ஒரு கேள்வி" என்று போட்டேன். ரெஸ்யூமே வைக்கவில்லை. வேலை, இன்டர்ன்ஷிப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பதில் வந்தது. இரண்டே வரி. "மூன்று ஃபேஸிலும் கெபாசிட்டர் கரண்டைத் தனித்தனியாக எடுத்தீர்களா? இரண்டு மெஷினிலும் எடுத்து அனுப்புங்கள். பேனலை ஆபரேட்டர் திறக்கட்டும், நீங்கள் கை வைக்க வேண்டாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா பேனலைத் திறந்தார். கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரின் வாயைத் திறந்து கேபிளைக் கவ்வ வைத்து, ஆர், ஒய், பி என்று வரிசையாக ரீடிங் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நல்ல மெஷினில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. அடுத்த மெஷினில் ஆர், ஒய் இரண்டும் குறைவு. பி ஃபேஸில் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். மாமா டார்ச் அடித்துப் பார்த்தார். பி ஃபேஸ் ஃப்யூஸ் போயிருந்தது. பக்கத்தில் ஒரு கெபாசிட்டர் வயிறு உப்பி, அடியில் எண்ணெய் கசிந்து தூசியோடு ஒட்டிக்கிடந்தது. "இத வச்சிட்டா இவ்வளவு நாளும் காசு கட்டுனோம்?" என்றார். முதலாளியிடம் சொல்லி இரண்டையும் மாற்றினார்கள். அடுத்த மாத ரீடிங்கில் இரண்டு மெஷின்களின் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டது.

நான் சொல்ல வந்த மெயில் இனிமேல்தான். அவர் இரண்டு வரி எழுதிய அன்றே நன்றி சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று ஒரு வரி அனுப்பியிருந்தேன். பேனலைத் திறந்த அன்று எடுத்த ரீடிங்கை அனுப்பினேன். மாற்றியபிறகு, அடுத்த மாதக் கணக்கை முன்பு அனுப்பிய அதே அட்டவணையில் ஏழாவது வரியாகச் சேர்த்து, உப்பிய கெபாசிட்டரின் போட்டோவோடு அனுப்பினேன். அதற்கு வந்த பதில் ஒரு பக்கத்துக்கு மேல். வோல்டேஜ் குறைந்தால் கெபாசிட்டர் தரும் ரியாக்டிவ் பவர் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். காற்று சீசனில் ஃபீடர் நிரம்பி வழியும்போது இது இன்னும் மோசமாகும். ஆடி மாதத்தில் அதையும் கவனித்து எழுது என்று பாடமே நடத்தியிருந்தார். 'நீங்கள்' போய் 'தம்பி' வந்திருந்தது. தன்னோடு வேலை பார்த்த இரண்டு பேரை அந்த மெயிலில் சிசியில் சேர்த்திருந்தார்.

அந்த இரண்டு பேரைத் தேடிப் போகும் வழி எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் அவர் தந்திருக்க மாட்டார். கேட்காமலே தந்ததற்குக் காரணம், சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று வந்து சொன்னதுதான். இன்று மெயில் வாங்கும் இடத்தில் இருந்து பார்க்கும்போது இது இன்னும் நன்றாகப் புரிகிறது. அனுபவசாலிகள் நாள் முழுக்க யாருக்காவது யோசனை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த யோசனை பலித்ததா, இல்லையா என்று திரும்பி வந்து சொல்கிற ஆள் அபூர்வம். என்னைப்போல் திரை முன்னால் உட்கார்ந்து கிரிட்டை ஓட்டிப் பார்ப்பவனுக்கு, கயத்தாறிலோ பல்லடத்திலோ ஒரு பேனலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மெயில் பெரிய விஷயம். மாணவனிடம் அனுபவம் இருக்காது. ஆனால் அவன் நிற்கிற இடம் இருக்கிறது. அங்கிருந்து தெரிவது எங்களுக்குத் தெரியாது.

தெரியாதவருக்கு எழுதுவது என்றால் மேடைப் பேச்சாளர்கள் ராமானுஜனைச் சொல்வார்கள். சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு எழுதினார்; பக்கம் பக்கமாகத் தேற்றங்களை வைத்து அனுப்பினார். அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதி ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கதை மாணவனுக்கு உதவும். ஹார்டி பிப்ரவரியிலேயே பதில் எழுதினார், நிரூபணங்களைக் கேட்டார். அங்கிருந்து கடிதங்கள் போய்வந்துதான் 1914-இல் ராமானுஜன் கப்பல் ஏறினார்.

ஆனால் ராமானுஜன் கதையில் ஒரு சிக்கல்: நாம் யாரும் ராமானுஜன் கிடையாது. கல்லூரி மாணவனுக்கு இன்னும் பக்கத்தில் வருவது சந்திரசேகர் கதை என்று நினைக்கிறேன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். 1928-இல் சோமர்ஃபெல்ட் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் சென்னை வந்தபோது அவரைப் போய்ப் பார்த்து, எலக்ட்ரான்களுக்கான புதிய புள்ளியியலைப் பற்றித் தெரிந்துகொண்டார். அதை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதே புள்ளியியலை விண்மீன்களுக்குப் பயன்படுத்தியிருந்த கேம்பிரிட்ஜின் ஃபௌலரின் கட்டுரையைப் படித்திருந்ததால், அவருக்கே அதை அனுப்பினார். 1929-இல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அப்போது அவருக்கு வயது 18. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் போனபோது அவருக்கு வழிகாட்டி அதே ஃபௌலர். சந்திரசேகர் சி.வி.ராமனின் அண்ணன் மகன், புத்தகங்கள் நிறைந்த வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் 'எனக்கு ஒரு இடம் கொடுங்கள்' என்று எழுதாமல், 'உங்கள் வழியில் போய் இதைக் கண்டேன், பாருங்கள்' என்று எழுதியதை, எந்த வீட்டுப் பிள்ளையும் செய்யலாம்.

இனி, நடைமுறை. மெயில் போனில் படிக்கப்படும் என்று நினைத்து எழுதுங்கள். இரண்டு தடவை விரலால் தள்ளினால் முடிந்துவிட வேண்டும். நீங்கள் யார் என்பதற்கு ஒரு வரி. அவருக்கு ஏன் எழுதுகிறீர்கள் என்பதற்கு ஒரு வரி. அதில் அவருடைய வேலையைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். 'உங்கள் சாதனைகளால் ஈர்க்கப்பட்டு' என்பது எந்தச் சாதனை என்றே தெரியாதவர் எழுதுவது. பிறகு நீங்கள் பார்த்தது, செய்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி, ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடிகிற கேள்வி. 'இத்துறையில் எதிர்காலம் எப்படி?' என்று கேட்டால் புத்தகம்தான் எழுத வேண்டும். 'புரொடெக்ஷன் படிப்பதா, பவர் சிஸ்டம் ஸ்டடி படிப்பதா என்று யோசிக்கிறேன். உங்கள் கம்பெனியில் புதிதாக வருபவர் முதல் வருஷம் எதைச் செய்வார்?' என்று கேட்டால், டீ குடிக்கும் நேரத்தில் பதில் எழுதிவிடலாம்.

ரெஸ்யூமே கேட்டால் மட்டும். கேட்டால் பிடிஎஃப்பாக, உங்கள் பெயரில் சேமித்து. கடவுள் பெயரும் நடிகர் பெயரும் கலந்த பழைய மெயில் முகவரியை விட்டுவிட்டு, சொந்தப் பெயரில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மெயிலை நாற்பது பேருக்கு அனுப்பி, நாற்பது முகவரியும் தெரிகிற மாதிரி விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன பேராசிரியரின் பெயரை அழிக்க மறந்து எனக்கு அனுப்பியவர்களும் உண்டு. விண்ணப்பம் வாங்கும் இடத்தில் மெயில் போடாதீர்கள். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம், ஐஐடி மெட்ராஸின் கோடைக்கால ஃபெலோஷிப் போன்றவற்றுக்கு முறையான வாசல் இருக்கிறது. வாசல் திறந்திருக்கும்போது ஜன்னல் வழியாகக் கை நீட்ட வேண்டாம்.

நேரமும் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் மே முடிந்து காற்று ஏறிவிட்டால் செப்டம்பர் வரை யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. ஒரு மெஷின் ஒரு நாள் நின்றால் அந்த நாளின் காசு போச்சு. மார்ச்சில் கணக்கு முடிப்பு. டிசம்பர், ஜனவரியில்தான் பராமரிப்பு வேலையும் கொஞ்சம் பேச்சும் நடக்கும். ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒரு சீசன் இருக்கும். ஆடிட்டருக்கு ஒன்று, பேராசிரியருக்கு ஒன்று, திருப்பூர் எக்ஸ்போர்ட்காரருக்கு ஒன்று. அது தெரிந்து எழுதினாலே, இவன் நம் தொழிலைக் கொஞ்சம் கவனித்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து, அதே மெயிலுக்கு அடியில், ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். அவர் உங்களை ஒதுக்கினார் என்று அர்த்தமில்லை. அன்றைக்கு அவர் எந்த சப்ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தாரோ!

பெண்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது, ஏனென்றால் எனக்குத் தெரிந்த மாணவிகளின் அனுபவம் என் அனுபவம்போல் இல்லை. என் ஜூனியர் ஒருத்திக்கு, அவள் எழுதிய தொழில்நுட்பக் கேள்விக்கு நல்ல பதில் வந்தது. அதோடு "நம்பர் அனுப்பும்மா, பேசலாம்" என்றும் வந்தது. பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸப் மெசேஜ்கள். கேள்விக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. அவள் அந்தத் துறையில் யாருக்கும் எழுதுவதையே கொஞ்ச காலம் நிறுத்தினாள். நட்டம் அவளுக்குத்தான் என்பது எவ்வளவு அநியாயம். அதனால் சொல்கிறேன்: பேச்சு மெயிலிலேயே இருக்கட்டும். நம்பர் கேட்டால், 'மெயிலே எனக்கு வசதி சார்' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், விளக்கம் தேவையில்லை. சந்திப்பு என்றால் அலுவலகத்தில், அலுவலக நேரத்தில். துறை ஆசிரியை ஒருவரை சிசியில் வைத்துக்கொண்டால் தொல்லை செய்ய நினைப்பவர் தானாக ஒதுங்கிவிடுவார். உண்மையாக உதவ நினைப்பவருக்கு அது உறுத்தாது. துறையில் பெண் இன்ஜினியர்கள் குறைவு என்றாலும் இருக்கிறார்கள், அவர்கள் மாணவிகளுக்குப் பதில் எழுதுகிறார்கள்.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து எனக்கு வரும் மெயில்களின் முகமே மாறிவிட்டது. எங்கள் காலத்தில் ஆங்கிலம்தான் பெரிய பயம். ஒரு மெயிலை மூன்று பேரிடம் காட்டித் திருத்தி அனுப்புவோம். கான்வென்ட் பையன் எழுதினால் தெரிந்துவிடும், நாங்கள் எழுதினாலும் தெரிந்துவிடும். இப்போது எல்லாருடைய ஆங்கிலமும் வழவழவென்று இருக்கிறது. சொல்லப்போனால் கிராமத்துப் பிள்ளைக்கு இது நல்ல காலம். மொழியைக் காட்டி யாரும் ஒதுக்க முடியாது. ஆனால் மொழி சமமாகிவிட்டால், மெயிலுக்குள் வேறு என்ன இருக்கிறது என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். வழவழப்பான நான்கு பத்தியில், எழுதியவர் கண்ணால் பார்த்தது என்று ஒன்றுகூட இல்லாமல் எனக்கு வாரம் தவறாமல் மெயில் வருகிறது. இலக்கணப் பிழையோடு, "சார், எங்க ஊர் சோலார் பம்ப்பு காலைல பத்து மணிக்கு அப்புறம்தான் தண்ணி எடுக்குது, இன்வெர்ட்டர் செட்டிங்கா பேனல் பிரச்சினையா?" என்று வரும் ஒரு மெயிலுக்குத்தான் நான் முதலில் பதில் எழுதுவேன். பம்ப்புக்குப் பக்கத்தில் நிற்பவனால்தான் அது எப்போது தண்ணீர் எடுத்தது என்று சொல்ல முடியும்.

வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். எனக்கு அந்த ஆலோசகர் வேலை வாங்கித் தரவில்லை. அவரிடம் நான் கேட்கவும் இல்லை. கடைசி வருஷம் பிராஜெக்ட்டுக்காக, அவர் சிசியில் சேர்த்த இரண்டு பேரில் ஒருவருக்கு ஃபீடர் வோல்டேஜ் பற்றிச் சில கணக்குகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் என்னை நேரில் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரு நிறுவனம் புதிதாக ஆள் எடுத்தபோது, முப்பந்தலில் ஒரு பையன் இருக்கிறான் என்று அவர் சொல்லியிருக்கிறார். இன்டர்வியூவுக்குப் போனபோது அந்தக் கணக்குகளின் பிரின்ட் அவுட் மேஜைமேல் இருந்தது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய ஒரு கட்டுரை, வேலை யார் மூலம் கிடைக்கிறது என்ற விஷயத்தில் பேர்போனது. தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் விசாரித்தபோது, அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவர்களைவிட, எப்போதாவது பார்க்கிறவர்கள் மூலம் தகவல் கிடைத்தவர்களே அதிகம் என்று அதில் காட்டியிருப்பார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவர் வேறு வட்டத்தில் இருப்பார், வேறு செய்தி வைத்திருப்பார். அப்பாவின் வட்டம் சூளையோடு முடிந்த வீட்டில், அந்தத் தூரத்து மனிதர் தானாக வர மாட்டார். எழுதித்தான் அவரை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

வேலை கேட்கவே கூடாதா என்றால், கேட்கலாம். யாருக்கும் அதில் வருத்தமில்லை. ஆனால் முதல் மெயிலில் கேட்டால், முடியாது என்ற ஒரே பதிலைத்தான் அவரால் தர முடியும், ஏனென்றால் உங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சொன்னதைச் செய்து, முடிவைச் சொல்லி, அடுத்த கேள்வி கேட்டு, ஆறு மாதம் போனபிறகு, 'சார், மே மாதம் முடிக்கிறேன், ஸ்டடி வேலையில் ஆர்வம், எங்காவது எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள்' என்று எழுதினால், அவர் யாரிடம் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். சிபாரிசு செய்பவர் தன் பெயரை வைத்துச் சொல்கிறார். எதை நம்பிச் சொல்வது என்பதற்கு அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இப்போது எனக்கு எழுதும் மாணவர்களுக்கு, முடிந்தவரை பதில் எழுதுகிறேன். எல்லாருக்கும் முடிவதில்லை. பதிலின் கடைசியில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சின்ன வேலையைக் கொடுப்பேன்: இந்த ரீடிங்கை எடு, இந்த ஆணையின் இந்தப் பகுதியைப் படி, இந்த மென்பொருளின் மாணவர் பதிப்பில் இந்த ஃபீடரை வரைந்து பார். நன்றி சொல்லிப் பெரும்பாலோர் எழுதுவார்கள், அதற்குப் பிறகு வர மாட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை; தேர்வு, லேப், அரியர் என்று அவர்களுக்கும் ஆயிரம். செய்துவிட்டு, சரியாக வந்ததோ தப்பாக வந்ததோ, வந்து சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் ஆபீசில் ஆள் எடுக்கும்போதும், வேறு யாராவது "நல்ல பையனோ பொண்ணோ இருந்தா சொல்லுங்க" என்று கேட்கும்போதும், நான் சொல்வது அந்தப் பெயர்களைத்தான்.